இருவருக்கும் சேர்த்துப் பயந்தவள்

என் தம்பி ராஜ்குமார் போன மாதம் என்னிடம் ஒரு காரியம் கேட்டான். கோயம்புத்தூரில் அவன் நண்பர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தைகள் அனுப்பிக்கொள்வார்கள். "அக்கா, நீ எப்படி மனச மாத்திக்கிட்டு அந்த நோயில இருந்து எந்திரிச்சேன்னு ரெண்டு நிமிசம் பேசி அனுப்பு. பத்துப் பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றான்.

மூன்று முறை பேசிப் பார்த்தேன். மூன்று முறையும் பாதியில் அழித்துவிட்டேன். நடந்தது அவன் சொல்வதுபோல இல்லை. நடந்ததைச் சொல்ல இரண்டு நிமிடம் போதவும் போதாது. வலது கை இப்போது பேனாவைப் பிடிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற வேலை எனக்கு. காலையிலும் மாலையிலும் கொண்டுவந்து ஊற்றுகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஊரில் எனக்குப் பெயர் டெஸ்டக்கா. வீட்டிலும் எனக்கு அதே கண்தான். மகள் தாரணி பக்கத்து ஊரான சித்தூர் கல்லூரியிலிருந்து வர பத்து நிமிடம் தாமதமானால் பஸ் கவிழ்ந்துவிட்டது என்றே முடிவு செய்துவிடுவேன். எது நடந்தாலும் அதன் மோசமான முடிவுதான் எனக்கு முதலில் தெரியும்.

என் கணவர் நாச்சிமுத்து நேர் எதிர். வேலந்தாவளம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் குட்டி லாரி ஓட்டுகிறார். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால், "நல்லவேள, டீக்கடைக்கு முன்னால நின்னுது" என்று சொல்கிற மனிதர். எனக்கு ஆத்திரமாக வரும். நான் கவலைப்படுவதால்தான் இவர் கவலையில்லாமல் திரிகிறார் என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

நோய் மிகச் சாதாரணமாக ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் நான்கு நாள் இருந்து போயின. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் சொசைட்டியில் நின்றுகொண்டிருந்தபோது, பால் ஊற்ற வந்த ஒரு அம்மா, "டெஸ்டக்கா, ஒரு கால்ல செருப்பில்லையே" என்றார். குனிந்து பார்த்தேன். இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. பாதம் இரண்டும் மரத்து, எறும்பு ஊர்வதுபோல இருந்தது. சாயங்காலம் பால் கேனின் மூடியைத் திறக்க முடியவில்லை. மறுநாள் காலை குளியலறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நாச்சிமுத்துவும் தாரணியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

பக்கத்து கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அன்று மாலை தண்ணீர் குடித்தபோது, குடித்த தண்ணீர் வாயின் ஓரமாக வழிந்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்தார். உடனே லாரியிலிருந்த தக்காளிக் கூடைகளை இறக்கினார். பின்னால் மெத்தையைப் போட்டு என்னைப் படுக்கவைத்துப் பாலக்காட்டுக்கு ஓட்டினார். தாரணி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கஞ்சிக்கோட்டுப் பக்கமிருந்து வரும் லாரிகள் கலக்கும் ரோட்டில் நெரிசல். அவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சுகுணா, தக்காளிக்கு மேல உனக்குத்தான் இவ்வளவு பதனமா ஓட்டறேன்" என்று கத்தினார். அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதருக்கு நிலைமையே புரியவில்லை என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு சிறு ரப்பர் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். தட்டினால் கால் தானாக உதற வேண்டும். உதறவில்லை. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். கைகால் நரம்புகளில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று இன்னொரு சோதனை செய்தார்கள். அன்று முழுக்க நான் தள்ளுவண்டியில் படுத்தபடி தாழ்வாரங்களின் கூரையைத்தான் பார்த்தேன். எந்தக் கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பது கூரையின் ஈரக்கறைகளை வைத்தே எனக்கு நினைவிருக்கிறது.

டாக்டர் மலையாளி. எங்களுக்காகத் தமிழில் சொன்னார். "இதுக்கு கில்லன் பாரே என்னு பேர். உடம்புல கிருமியக் கொல்ற பட்டாளம் இருக்கில்லே, அது ஆளு தெரியாம உங்க நரம்பையே தாக்குது. கரண்ட் வயருக்கு மேல உறை இருக்குமே, அந்த உறை போயிடும். அப்போ கரண்ட் போகாது. இது கால்ல தொடங்கி மேல ஏறும். ஏறி ஒரு இடத்துல நிக்கும். பின்னே மெல்ல இறங்கும். அதிகம் பேரும் எழுந்து நடப்பாங்க."

"எங்க நிக்குமுங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"அது யாருக்கும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

நெஞ்சுவரை ஏறினால் மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துவிடும். அதனால் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். பல பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருளை ஐந்து நாள் கையில் ஏற்றினார்கள். அதன் விலையைக் கேட்டதும் நாச்சிமுத்து தன் அண்ணனுக்குப் போன் செய்து பணம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குத் தெரியக்கூடாது என்று தள்ளிப்போய்ப் பேசினார். நான் பிறகும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அங்கே எனக்குக் கிடைத்தவள் ஜெசிந்தா. இருபத்தாறு வயது நர்ஸ். பள்ளிவாசல் என்ற மலையூரின் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள், அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாராம். அவள் பேசுவதும் தமிழ், நாங்கள் பேசுவதும் தமிழ். ஆனால் நாச்சிமுத்து "என்னுங்க சிஸ்டர்" என்றதும் அவள் சிரித்துவிடுவாள். அவள் "என்னண்ணே சொல்லுதீங்க" என்றதும் இவர் சிரிப்பார்.

தினமும் இரண்டு வேளை ஜெசிந்தா ஒரு சோதனை வைப்பாள். மூச்சை நன்றாக இழுத்து, விடும்போது ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எவ்வளவு தூரம் எண்ண முடியுமோ எண்ண வேண்டும். நுரையீரலில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று அதில் தெரியும். முதல் நாள் முப்பத்தொன்று வரை போனேன். மறுநாள் இருபத்து நான்கு. அதற்கடுத்த நாள் பதினெட்டு. பத்துக்குப் பக்கத்தில் போனால் தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதற்குள் முகமும் இரண்டு பக்கமும் செத்துவிட்டது. புருவம் ஏறாது, கன்னம் அசையாது. இமை மூடாததால் கண் உலர்ந்து புண்ணாகாமலிருக்க மருந்து போட்டு, இமையை இழுத்து பிளாஸ்திரி ஒட்டுவார்கள். விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி. பேச்சு காற்றாக வந்தது. உதடு ஒட்டாததால் ப, ம இரண்டும் வரவே வராது. "அம்மா" என்று சொல்ல முடியாது. "பயமா இருக்குங்க" என்று நான் சொன்னால் "அயவா இருக்குங்க" என்று கேட்கும்.

தம்பி அந்த நாட்களில்தான் தினமும் குரல் பதிவு அனுப்பினான். தாரணி போனை என் காதில் வைப்பாள். "அக்கா, எல்லாம் மனசுலதான் இருக்கு. நீ சின்ன வயசுல இருந்தே எதையும் கெட்டதாவே பாப்ப. அத மாத்து. நான் குணமாயிட்டேன், நான் சந்தோசமா இருக்கேன்னு நூறு தரம் நினை." சொல்லும்போதே அவன் குரல் தழுதழுத்தது. என்மேல் உயிரையே வைத்திருப்பவன். நான் முயன்றேன். மூடிய கண்ணுக்குள் படுத்துக்கொண்டு, குணமாகிவிட்டேன், சந்தோஷமாக இருக்கிறேன் என்று எண்ணி எண்ணிச் சொன்னேன். கால் இரண்டையும் யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலிக்கும். போர்வை பட்டாலே எரியும். அப்படியும் சொன்னேன்.

அன்று மாலை ஜெசிந்தா எண்ணச் சொன்னாள். பன்னிரண்டில் மூச்சு முடிந்துவிட்டது.

நான் ஒழுங்காக நம்பவில்லை, அதனால்தான் குறைந்துவிட்டது என்று தோன்றியது. பாலில் தண்ணீர் கலப்பதுபோல நான் நம்பிக்கையில் சந்தேகத்தைக் கலந்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த மாலைபோல ஒரு தனிமையை நான் அறிந்ததில்லை. நோயும் எனக்கு, அதற்கான குற்றமும் எனக்கு.

மறுநாள் டாக்டர் வந்தபோது உடைந்த வார்த்தைகளில் அதைக் கேட்டேன். என் மனசு சரியில்லாததால்தான் இறங்குகிறதா? ஜெசிந்தா என் வாயருகில் காதை வைத்துக் கேட்டு அவரிடம் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"அல்ல" என்றார். "நீங்க சந்தோஷமா இருந்தாலும், அழுதாலும், என்னைத் திட்டினாலும் நரம்பு அதோட வேகத்துலதான் வளரும். இது உங்க தப்பு அல்ல. கேட்டீங்களா? தப்பு அல்ல. அழணும்னா அழுங்க."

நான் அழுதேன். ஒட்டிய பிளாஸ்திரி நனைந்து கழன்றது. ஜெசிந்தா புதிது ஒட்டினாள். நோய் வந்த பிறகு என் நெஞ்சு முதன்முதலாக இலேசானது அன்றுதான். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்ற வேலை என் தலையிலிருந்து இறங்கியதும் கொஞ்சம் சந்தோஷம் தானாக வந்து உட்கார்ந்தது. ஏன் என்று எனக்கு இன்றும் விளக்கத் தெரியாது.

நாச்சிமுத்து பார்வை நேரத்துக்குத் தவறாமல் வருவார். அவரை உள்ளே அனுமதித்தது பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடமும் பேசுவார். சந்தையில் ஒரு மாடு யாருடைய முட்டைக்கோஸைத் தின்றது, தாரணி வைத்த ரசத்தில் உப்பு எப்படி இரண்டு முறை விழுந்தது. என் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. ஒருநாள் ஜெசிந்தா, "அக்காவால இப்ப சிரிக்க முடியாதுண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

"அதனாலென்னங்க சிஸ்டர்" என்றார் இவர். "இருவத்திரண்டு வருசமா நான் சொன்னதுக்கெல்லாம் இவ மூஞ்சி இப்படித்தான் இருக்கும். எனக்கு வித்தியாசமே தெரியலீங்க."

வயிற்றுக்குள் சிரிப்பு குலுங்கியது. முகம் கல்லாகவே இருந்தது. கண்ணில் மட்டும் நீர் வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பாருங்க, சிரிக்கறா" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ.

எண்ணிக்கை பன்னிரண்டிலேயே இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மதியம் கண் ஒட்டிய நிலையில் அயர்ந்து கிடந்தேன். நான் தூங்குவதாக நினைத்து அவர்கள் இருவரும் கட்டிலருகில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?" என்று ஜெசிந்தா கேட்டாள். "எப்பவும் சிரிச்ச மூஞ்சியாவே வாரீங்க."

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வண்டிய நிறுத்திட்டு உள்ள வரவே அரை மணி நேரம் ஆகுமுங்க எனக்கு. இன்னிக்கு என்ன சொல்லிச் சிரிக்க வெக்கலாம்னு உக்காந்து ரோசன பண்ணுவேன். அந்த மாடு முட்டக்கோசு தின்னதெல்லாம் பொய்யுங்க."

அவள் நாற்காலியை அவர் பக்கம் தள்ளும் சத்தம் கேட்டது.

"என்னமோ எனக்குச் சந்தோசம் பொறவியிலயே வந்துதுன்னு இவ நினைச்சிருக்கறா. இல்லீங்க. எங்கப்பன் செத்தப்ப எனக்குப் பதினாலு வயசு. அப்பவே ரொம்பப் பயந்தவன் நானு. இவளக் கட்டினப்பொறவு, எல்லாத்துக்கும் இவளே பயந்துட்டா, அப்ப நான் வேற வேலையப் பாக்கலாம்னு இருந்துட்டேன். இப்ப இவ படுத்துட்டா. எனக்கு எப்படிப் பயப்படறதுன்னே தெரீலீங்க சிஸ்டர். எங்க தொடங்கி எங்க முடிக்கறதுன்னு தெரீல."

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கையை நீட்டி அவரைத் தொட வேண்டும்போல இருந்தது. விரல்கூட அசையவில்லை. நான் தூங்குவதுபோலவே கிடந்தேன். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், இவருடைய சிரிப்புக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருந்தது எனக்குத் தெரியவில்லை. ஊராருடைய பாலையெல்லாம் சோதித்தவள் நான்.

அன்று மாலை பதிமூன்று வந்தது. மறுநாள் பதினைந்து. ஜெசிந்தா வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி கை தட்டினாள். நாச்சிமுத்து சொன்னதைக் கேட்டதால் ஏறியது என்று எழுதினால் தம்பிக்குப் பிடிக்கும். ஆனால் மருந்து ஏற்றி முடிந்து நாட்களாகியிருந்தன, ஏற வேண்டிய நேரத்தில் ஏறியது. நரம்பு அதன் வேகத்தில்தான் வளரும்.

பிறகு சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஐந்து வாரம். பிசியோதெரபி செய்கிற பையன்கள் காலையில் வந்து என் கைகாலை மடக்கி நீட்டுவார்கள். தாரணி கல்லூரிக்கு விடுப்பு எழுதிவிட்டுக் கூடவே இருந்தாள். என் முடியைச் சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாள். "பள்ளிக்கூடம் போற புள்ளயாட்டம் இருக்கறம்மா" என்பாள். ஒருநாள் இடது கால் பெருவிரல் அசைந்தது. அவள் அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். தம்பி அதைப் பார்த்து அழுததாக அவன் மனைவி சொன்னாள்.

மூக்குக் குழாயை எடுத்த அன்று, ஒரு தேக்கரண்டி தயிர் கொடுத்தார்கள். நாக்கில் வைத்ததும், ஊருக்குக் கிழக்கே மேய்ந்த மாட்டுப் பால் என்று எனக்குத் தோன்றியது. அது பாக்கெட் தயிர்தான். இரண்டாவது கரண்டி கேட்டேன். அந்தத் தயிர் ருசிக்க யாரும் என் மனதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெறும் பசிதான். சந்தோஷத்தில் அந்த வகையும் உண்டு.

உதடுகள் ஒட்ட ஆரம்பித்தது ஆறாவது வாரத்தில். முதலில் "ம்" வந்தது. பிறகு "ப". அன்று மாலை நாச்சிமுத்து வந்து வழக்கம்போலச் சந்தைக் கதை ஒன்றை ஆரம்பித்தார். நான் நிறுத்தச் சொன்னேன்.

"ஏனுங்க, இன்னிக்குக் கதை வேண்டாம். இன்னிக்கு நீங்க பயந்துக்குங்க. நான் பாத்துக்கறேன்."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும், அவள்தான் சொல்லிவிட்டாள் என்பதுபோல ஜெசிந்தாவைத் தேடி நாலாபக்கமும் பார்த்தார். அவள் அந்த வார்டில் இல்லை. "தூங்கலையா அன்னிக்கு?" என்றார். நான் இல்லை என்றேன். அவர் என் கட்டிலின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தாரணி கதவருகிலிருந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு நாங்கள் பயப்படுவதற்கு முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் அவர் பயப்படுவார், ஒருநாள் நான். வீட்டுக்கு வந்த பின்னும் அப்படித்தான். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போகையில் "இன்னிக்கு யார் மொறை?" என்று கேட்டுக்கொள்வோம். எல்லா நாளும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். மழைபெய்து தாரணியின் பஸ் தாமதமான ஒரு நாள் அவருடைய முறையையும் நானே பிடுங்கிக்கொண்டேன். என் சுபாவம் போகவில்லை. இன்றும் எதிலும் முதலில் குறைதான் தெரிகிறது. அதைத் தனியாகச் சுமப்பது மட்டும் போய்விட்டது.

எட்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். நான் கைத்தடியோடு நடந்தேன். டாக்டர் சுத்தியலால் தட்டியதும் முழங்கால் லேசாக உதறியது. "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார். வலது கன்னம் மட்டும் சரியாகவில்லை. சிரித்தால் இடது பக்கம் முன்னால் போகும், வலது பக்கம் பின்னாலேயே வரும். அது அப்படியே இருந்துவிடலாம் என்றார்.

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். கேட்டைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் நாச்சிமுத்து வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சுகுணா, ஒண்ணு சொல்லோணும். மூட்டை தூக்கறப்ப நெஞ்சு புடிக்குது. ரெண்டு மாசமா. உன்ற செக்கப்பு முடியட்டும்னு சொல்லல."

பழைய சுகுணாவாக இருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கத்தி, அவருடைய சாவு வரைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்திருப்பேன். பழைய நாச்சிமுத்துவாக இருந்தால் சொல்லியே இருக்க மாட்டார். எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆனாலும் கத்தவில்லை.

"வண்டியத் திருப்புங்க" என்றேன்.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே சீட்டு எழுதும் வரிசை. இந்த முறை சீட்டில் அவர் பெயர். இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரையும் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டு, முடிவு வர ஒரு மணி நேரமாகும் என்று வெளியே உட்காரச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேடிக்கை ஒன்றும் சொல்லவில்லை. நான் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பயமா இருக்குது" என்றார்.

"எனக்குந்தான்" என்றேன்.

"இன்னிக்கு யார் மொறை?"

"ரெண்டு பேரும் சேந்தே பயப்படலாம்."

அவர் என் கையைப் பிடித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. விரல்கள் ஈரமாக இருந்தன. அவர் விரல் நடுங்குவது என் விரலுக்குத் தெரிந்தது. செருப்பு கழன்றதே தெரியாமல் நின்ற உடம்பு என்னுடையது. அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். பயத்தில் வாய் உலர்ந்துபோய், முடிவு என்ன வருமோ என்று கதவையே பார்த்தபடி, நான் சந்தோஷமாக இருந்தேன். இதைத்தான் தம்பிக்கு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியவில்லை.

கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நாச்சிமுத்து ஆராணு?"

அவர் எழுந்திருக்கவில்லை. நான் முதலில் எழுந்து, அவருக்குக் கை கொடுத்தேன்.